தீர்த்தம்

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடவேளை. முந்தின நாள் வராதவர்களை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டுக்கொண்டு வந்தேன். கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காரும் பையன் எழுந்து, "அப்பா தீர்த்தம் சார்" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பறை ஜன்னலில் தீர்த்தமலை தெரியும். முந்தின நாள் கார்த்திகைச் சோமவாரம். விடியற்காலையிலிருந்தே அரூர்ப் பேருந்துகளில் கூட்டம் வந்து இறங்கிப் படியேறிக்கொண்டிருந்தது. மேலே தீர்த்தகிரீசுவரர் கோயிலை ஒட்டி ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று ஐந்து. பாறை உச்சியிலிருந்து ராமர் தீர்த்தம் விழுந்துகொண்டே இருக்கும். கோடையிலும் நிற்பதில்லை என்பார்கள். ஜனங்கள் தலையைக் காட்டி நனைந்துவிட்டு, காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அதை நினைத்துக்கொண்டுதான், "நல்ல விஷயம்ப்பா. அடுத்த தடவை சாருக்கும் ஒரு பாட்டில் பிடிச்சுட்டு வரச் சொல்லு" என்றேன். வகுப்பு சிரித்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. சாக்பீஸ் உடைந்தால்கூடச் சிரிக்கிற பிள்ளைகள் அன்றைக்குத் தலையைக் குனிந்து பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் "சரி சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

மதியம் குழாயடியில் கை கழுவும்போதுதான் உறைத்தது. குடியைத் தீர்த்தம் என்று சொல்வது எனக்குத் தெரியாத வழக்கா என்ன? தமிழ்நாடு முழுக்கப் புழங்குவதுதான். கல்யாணப் பந்தலுக்குப் பின்னால், எழவு வீட்டுத் திண்ணையில், பேருந்தின் பின்சீட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஊர்ப் பெயரிலேயே தீர்த்தத்தை வைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், பதிமூன்று வயதுப் பையன் வாயிலிருந்து வந்ததால் அந்தச் சொல் என் காதில் மலையேறிவிட்டது. பிள்ளைகளின் பேச்சு புரியவில்லை என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதை நாள்தோறும் கேட்கிறேன், நானும் அலுத்துக்கொண்டவன்தான். ஆனால் அன்று நடந்தது அதுவல்ல. சொல் தெரியும். சொன்னவனைத் தெரியும். அவன் வீடு இருக்கும் தெருவும் தெரியும். இவ்வளவு தெரிந்தும் காதில் விழாமல் போனதே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்து யோசித்து நான்கு மாதம் ஓடிவிட்டது. அவன் ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தான் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்கிறேன். "அப்பா குடிச்சிட்டாரு" என்று நாற்பது பேருக்கு நடுவே சொல்ல முடியாது. பொய் சொல்லவும் அவனுக்கு மனமில்லை. பொய்யாகாமலும் மானம் போகாமலும் சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது, மலையிலிருந்து எடுத்துக்கொண்டான். வகுப்புக்குப் புரிந்தது. அவர்களுக்கு அது அவன் வீட்டுத் துக்கம். நான் பாட்டில் கேட்டேன்.

இந்தப் பக்கத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் இன்னொன்று நடந்தது. நான் கும்பகோணத்துப் பக்கம். எங்கள் ஊரில் கொல்லை என்பது வீட்டின் பின்புறம். கொல்லைக்குப் போவது என்றால் வேறு காரியம். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா ஏன் வரவில்லை என்று ஒரு சிறுமியைக் கேட்டபோது, "அம்மா கொல்லைக்குப் போயிருக்கு சார்" என்றாள். இதையெல்லாம் இப்படியா சொல்வது என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கே கொல்லை என்றால் வயல்காடு. அவள் அம்மா குச்சிக்கிழங்குக் கொல்லையில் களையெடுக்கப் போயிருந்தாள். அந்தத் தவறுக்கு ஒரு சமாதானம் உண்டு. ஊருக்கு ஊர் சொல் மாறும், நாளடைவில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டேன். சித்தேரி மலையிலிருந்து வரும் பிள்ளைகள் தங்களை மலையாளி என்று சொல்லும்போது கேரளத்தை நினைக்கக்கூடாது, அது மலையை ஆள்பவர் என்ற பொருளில் அவர்கள் சொல்லிக்கொள்ளும் பெயர் என்பதையும் கற்றுக்கொண்டேன். பன்னிரண்டு வருடத்தில் இந்த மண்ணின் பேச்சு எனக்கு வந்துவிட்டது என்றே நம்பியிருந்தேன். தீர்த்தம் அந்த நம்பிக்கையை அசைத்தது. மறுநாள் அரூரில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளைகள் பேசும் சொற்களை எழுதி வைக்கத் தொடங்கினேன்.

அந்த நோட்டைப் புரட்டினால் சொற்களைவிட அவை வந்த வழிகள்தான் என்னை நிறுத்துகின்றன. நூப், பூயா, ஹெட்ஷாட் எல்லாம் ஃப்ரீ ஃபயர் விளையாட்டிலிருந்து வந்தவை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது, பாடத்துக்காக என்று கடன் வாங்கி இந்த வீடுகளுக்குள் வந்த கைபேசி கொண்டுவந்தது. 2022 பிப்ரவரியில் அந்த விளையாட்டை ஒன்றிய அரசு தடை செய்தது. அதன் மேக்ஸ் வடிவம் தங்கிவிட்டது, சொற்களும் தங்கிவிட்டன. கணக்கில் தப்புப் போட்டவன் நூப். சத்துணவு வரிசையில் முதலாவதாக நிற்பவன் பூயா என்று கையைத் தூக்குகிறான். பிரமாதம் என்பதற்கான சக்கத் என்ற சொல் பெங்களூரிலிருந்து வருகிறது. கட்டட வேலைக்குப் போன அப்பா அம்மாவோடு இரண்டு வருடம் அங்கே தகரக் கொட்டகையில் இருந்துவிட்டுத் திரும்பிய பிள்ளை கொண்டுவந்தது. வைப், க்ரிஞ்ச், பூமர் எல்லாம் ரீல்ஸ் வழி. சம்பவம் என்பது நாங்கள் செய்தித்தாளில் படித்த சொல். இப்போது சாதனைக்கும் அடிதடிக்கும் ஒன்றாகவே ஆகிறது. இவையெல்லாம் வெளியே கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவை. இவர்களே உண்டாக்கிய சொற்கள் வேறு வகை. தலைமையாசிரியர் வராந்தாவில் வருகிறார் என்றால் "கரண்ட் வந்துருச்சு" என்பார்கள். எனக்கு அது பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. பிடிபட்ட சந்தோஷத்தில் ஒரு பையனைக் கூப்பிட்டு, "கரண்ட்டுன்னா ஹெச்எம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார், ஃபேன் ஓடுச்சு, அதான்" என்றான். அடுத்த வாரத்திலிருந்து கரண்ட் வரவில்லை. "வெயில் வந்துருச்சு" என்றார்கள். நோட்டில் கரண்டுக்கு எதிரே பொருளை எழுதி வைத்திருக்கிறேன். எழுதிய கணத்தில் அது செத்துவிட்டது. வெயில் என்பதைத் தெரிந்துகொண்டதாக இன்றுவரை நான் காட்டிக்கொள்ளவில்லை.

நாங்கள் நடத்தும் இலக்கணத்திலேயே இதற்குப் பெயர் இருக்கிறது. நன்னூலில் பவணந்தி தகுதி வழக்கை மூன்றாக வைக்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி வழங்கும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள். இத்தனை வருடமும் இந்த மூன்று எடுத்துக்காட்டுகளையும் மனப்பாடப் பகுதி மாதிரி ஒப்பித்துக் கடந்திருக்கிறேன். இந்தத் தை மாதம் நடத்தும்போது சொல்விளம்பியில் நின்றுவிட்டேன். உள்ளே போனதும் மனிதனைப் பேச வைப்பது, பேசக்கூடாததையும் சொல்ல வைப்பது. கள்ளுக்கு இதைவிட நெருக்கமான பெயரை யாரால் வைக்க முடியும்! அதை வைத்தவர்கள் புலவர்களும் அல்ல, காட்டில் அலைந்தவர்கள். எழுநூறு வருடத்துக்கு மேல் ஆன ஒரு நூல், குடிப்பவர்கள் குடிக்கு வைத்துக்கொண்ட ரகசியப் பெயர் போன்றவற்றுக்கு இலக்கணத்தில் இடம் கொடுத்திருக்கிறது. தகாத பேச்சு என்று தள்ளவில்லை, தகுதி வழக்கு என்கிறது. அப்படியானால் தீர்த்தமும் தகுதி வழக்குத்தான். குழூஉக்குறியாக மட்டும் இல்லை, வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வதால் இடக்கரடக்கல், நல்லதல்லாததை நல்ல சொல்லால் சொல்வதால் மங்கலம். மூன்றும் ஒரு சொல்லில் கூடியிருக்கின்றன. அதை நான் கரும்பலகையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அருமையான பாடமாக அமைந்திருக்கும். கடைசி வரிசையில் சுவரோரமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பதிலாக, உங்கள் வீட்டுத் தொழிலில் இப்படிச் சொற்கள் உண்டா என்று கேட்டேன். முதலில் அமைதி. பிறகு ஒரு பையன் முன்னால் வந்தான். அவன் தாத்தா மாட்டுத் தரகர். ஞாயிற்றுக்கிழமைகளில் போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகிறவர். துண்டை மேலே போட்டு மறைத்துக்கொண்டு, விற்பவர் வாங்குபவர் விரல்களைப் பிடித்து விலை சொல்வதை அவன் செய்து காட்டினான். என் கையின் மேல் தன் கைக்குட்டையைப் போட்டு, இரண்டு விரலைச் சேர்த்து அழுத்தி, "இது என்னா விலை சொல்லுங்க சார்" என்றான். எனக்குத் தெரியவில்லை. வகுப்பு ஆரவாரித்தது. அந்தக் கை சின்னதாக இருந்தாலும் அழுத்தத்தில் ஒரு கிழவரின் நிதானம் இருந்தது. நான்கு பேர் சுற்றி நின்று பார்த்தாலும் விலை வெளியே தெரியாமல் இருப்பதில்தான் தரகரின் சோறு இருக்கிறது என்று அவன் தன் பேச்சில் விளக்கினான். பையன்கள் தங்களுக்குள் பேசுவதை நாம் அசட்டுத்தனம் என்றோ கெட்ட சகவாசம் என்றோ எடுத்துக்கொள்கிறோம். பொற்கொல்லருக்கும் தரகருக்கும் இருந்த அதே காரணம் பிள்ளைகளுக்கும் இருக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலரை வரை இவர்களுக்கென்று இந்தக் கட்டடத்தில் உள்தாழ்ப்பாள் போட்ட அறை ஒன்றுகூடக் கிடையாது. பையைத் திறந்து பார்க்கிறோம், நோட்டைப் பார்க்கிறோம், தலைமுடியின் நீளத்தை அளக்கிறோம்.

பாடம் முடிந்த வாரம் இருபத்தைந்து மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைத்தேன். குழூஉக்குறியை எடுத்துக்காட்டுடன் விளக்குக, இரண்டு மதிப்பெண். எல்லாரும் பொன்னைப் பறி என்றே எழுதியிருந்தார்கள். ஒரு பெண்ணின் தாளில் மட்டும் வேறு. நன்றாகப் படிக்கிற பெண்; திருத்த வேண்டிய நோட்டுகளை எல்லாம் ஆசிரியர் அறைக்குச் சுமந்து வருகிறவள் அவள்தான். விளக்கத்தைப் புத்தகத்தில் இருப்பதுபோல எழுதிவிட்டு, எடுத்துக்காட்டாக, "ஆசிரியர்கள் சில மாணவர்களை மினிமம் என்பர்" என்று அடிக்கோடிட்டு முடித்திருந்தாள். படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். மெல்லக் கற்போர் என்பது அரசு ஆவணங்களில் இருக்கும் சொல். அதற்கு முன்னால் ஸ்லோ லேர்னர். அவர்கள் தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் படிக்கக் கொடுக்கும் சிறு கையேட்டுக்கு மினிமம் மெட்டீரியல் என்று பெயர். கையேட்டின் பெயர் எப்போது பிள்ளைகளின் பெயர் ஆனது என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. "அவன் மினிமம்ப்பா, கிராமர்லாம் கொடுக்காத" என்று பிள்ளைகள் கதவருகே நிற்கும்போதே பேசுவோம், அவர்களுக்கு விளங்காது என்ற நினைப்பில். பழித்துச் சொல்வதாக எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. மெல்லக் கற்போர் மங்கலம், மினிமம் குழூஉக்குறி. அவளைக் கூப்பிட்டு, இது யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும் சார்" என்றாள். "யாரு யாருன்னும் தெரியும்." சொல்லும்போது அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட நிறைவுதான் இருந்தது. சுவரோரப் பையன் அந்தப் பட்டியலில் இருக்கிறான். இரண்டு மதிப்பெண் போட்டேன். அவர்களின் சொல்லுக்கு நோட்டு போட்டு அலைந்துகொண்டிருந்த எனக்கு, என் கூட்டத்தின் சொல்லை அவர்கள் எத்தனையோ காலமாகப் படித்துவைத்திருந்தது தெரியாமல் போயிற்று.

நோட்டைத் தொடர்வதா என்ற சந்தேகம் அதிலிருந்து தொடங்கியது. வழக்குச் சொற்களைத் தொகுத்தவர்கள் தமிழில் உண்டு. கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் சொற்களைத் தொகுத்தார். தமிழாசிரியராக இருந்த பெருமாள்முருகன் 2000-இல் கொங்குச் சொற்களைக் கொண்டுவந்தார். போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக வேலை பார்த்த கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே செய்தார். அவர்கள் தங்கள் ஆத்தாவும் அப்பனும் பேசியதை, மறைந்துபோகும் என்ற பதைப்பில் சேர்த்தவர்கள். அந்தச் சொற்களுக்கு யாராவது எடுத்து வைக்க மாட்டார்களா என்ற ஏக்கம் இருந்தது. என் நோட்டில் இருப்பவை கண்டுபிடிக்கப்படக்கூடாது என்று பிறந்தவை. இவற்றை எடுத்து வைப்பது தேன்கூட்டைக் கலைத்து எடுப்பது மாதிரிதான், கூடு மிஞ்சுவதில்லை. சில சொற்களுக்குப் பொருளே கிடையாது. "67-ஆம் பக்கம் எடுங்க" என்றேன் ஒருநாள், ஜன்னல் பக்கம் இருவர் உள்ளங்கைகளை ஏற்றி இறக்கி "சிக்ஸ் செவன்" என்று முனகினார்கள். அமெரிக்கப் பாடகர் ஒருவரின் பாட்டிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய அந்த எண்ணை டிக்ஷனரி டாட் காம் 2025-இன் சொல்லாக அறிவித்தது. அர்த்தம் என்ன என்று கேட்டால் உலகத்தில் எந்தப் பிள்ளையும் சொல்லாது, ஏனென்றால் ஒன்றுமில்லை. பெரியவர்கள் விழிப்பதுதான் அதன் அர்த்தம். தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதே எண்ணுக்கு அதே முனகல். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் ஒருவகைச் சந்தோஷம்தான். பேருந்து இரண்டு மாறி வரும் பிள்ளைக்கும் உலகத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரிக்க ஓர் இடம் இருக்கிறது.

அப்படியானால் விட்டுவிடலாம், அவர்கள் சொல் அவர்களுக்கு என்று முடிவெடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. வேறொரு வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது குறிப்பிட்ட ஒரு பையனின் பெயர் வந்தால் மட்டும் பின்னாலிருந்து ஒரு சினிமாப் பாட்டின் மெட்டு எழும். இரண்டு நொடி, வாயை மூடிக்கொண்டு. யார் என்று கேட்டால் "சும்மா சார்" என்பார்கள். அந்த மெட்டு எந்தச் சாதிக்காரர்கள் தங்களுடையது என்று வண்டியில் வைத்துக்கொண்டு போவது என்பதும், அந்தப் பையன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதும் எனக்கு வெகுநாள் பொருந்தவில்லை. பொருந்தியபோது உடம்பு கூசியது. இங்கே கேட்காமல் இருப்பது மரியாதை ஆகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவை சாதி அடையாளமாக வருவதைத் தடுக்கச் சொன்னது. கயிற்றைக் கழற்றச் சொல்லலாம். மெட்டைக் கழற்ற முடியாது. எங்கள் மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று சாதி வன்முறையில் எரிந்த தலித் ஊர்களில் ஒன்றை எல்லாரும் நத்தம் காலனி என்றுதான் சொன்னார்கள், செய்தியிலும் அதுவே. அந்தக் காலனி என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதுவரை வருடா வருடம் சேர்க்கைப் படிவத்தில் முகவரிக் கட்டத்தில் அதைக் கூசாமல் என் கையால் எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்ல? நூப்புக்கும் பூயாவுக்கும் ஒரு நோட்டு வாங்கியவன், பன்னிரண்டு வருடம் நீல மையில் எழுதிய ஒரு சொல்லுக்கு நோட்டு வாங்கவில்லை. மெட்டுக்கு என்ன செய்தேன் என்றால், அந்தப் பையனை வகுப்பில் எழுப்பி எதுவும் கேட்கவில்லை. முனகியவர்களைத் தனித்தனியாக, அவர்கள் அப்பாக்களோடு, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். மெட்டு நின்றிருக்கிறது. வேறு எதுவாக மாறியிருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன்.

வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1969-இல் எழுதிய கட்டுரையில் வரும் ஒரு பையன் அடிக்கடி நினைவுக்கு வருகிறான். நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த எட்டு வயதுக் கறுப்பினச் சிறுவன். பேட்டியெடுத்தவரும் அதே ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினத்தவர்தான். அப்படியும் பையன் ஒற்றை ஒற்றைச் சொல்லாகத்தான் பதில் சொன்னான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மொழியே போதாது என்று அந்தக் காலத்துப் படிப்பாளிகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை பேட்டியெடுத்தவர் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலோடு போனார், பையனின் உற்ற நண்பனையும் கூட்டிக்கொண்டார், பையனின் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்தார், பெரியவர்கள் முன்னால் பேசக்கூடாத சொற்களைத் தானே எடுத்தார். இரண்டு பையன்களும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். நான் முதலில் இதைப் படித்தபோது வறுவலும் தரையும்தான் பெரிதாகப் பட்டன. நாளைக்கு நான் வகுப்பில் தரையில் உட்கார்ந்தால் பிள்ளைகள் பதறி எழுந்து நாற்காலி கொண்டுவருவார்கள். இந்த ஊர் மரியாதை அப்படி. இப்போது படிக்கும்போது அந்த நண்பன்தான் முக்கியமாகத் தெரிகிறான். பையன் பேட்டியெடுத்தவரிடம் பேசவில்லை. நண்பனிடம் பேசினான், பெரியவர் பக்கத்தில் இருந்தார். எனக்கு வாய்த்த வகுப்புகளில் நான் கேள்வி கேட்டு வந்த பதில்களைவிட, நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றபோது காதில் விழுந்தவைதான் உண்மையாக இருந்திருக்கின்றன. கரும்பலகையை இப்போதெல்லாம் கொஞ்சம் மெதுவாகவே துடைக்கிறேன். அது நியாயமா, ஒட்டுக்கேட்பதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை.

நோட்டு நாற்பது பக்கத்தில் பதினொரு பக்கம் நிரம்பியதோடு நிற்கிறது. கடைசிப் பக்கத்தில் தீர்த்தம் என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். மாசியில், சிவராத்திரி முடிந்து மலைக்கூட்டம் வடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை, அந்தப் பையன் பத்தரை மணிக்குத்தான் வந்தான். சட்டை கசங்கியிருந்தது. கண்ணைப் பார்த்தால் இரவு தூங்கினவனாகத் தெரியவில்லை. வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டான். நான் சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனேன். ஏன் லேட் என்று கேட்பதற்குள் அவனே, மெதுவாக, "அப்பா தீர்த்தம் சார்" என்றான். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சோதிக்கிறான் என்று தோன்றியது, அல்லது எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறான் என்று. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தங்கச்சிய இஸ்கூல்ல வுட்டுட்டு வந்தேன் சார். அங்க காலையிலயே சாப்பாடு போடறாங்க" என்றான். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். "உனக்கு?"

"மத்தியானம் முட்ட போடுவாங்கல்ல சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவன் தன் நோட்டை நடுவில் நகர்த்தி வைத்து, அவன் காதில் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை.